கொழும்புத் தமிழ்க் கலைஞரின் கோப்பு யாருடைய மேசையில்?

கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மூத்த நாடக நடிகர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதை நெருங்குகிறார். நாங்கள் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் அழைப்போம். மூத்த கலைஞர்களுக்கான ஓர் அரச கௌரவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், படிவத்தை நிரப்பித் தா பிள்ளை என்று கேட்டிருந்தார். நான் போகும்போது தன்னிடமிருந்த சான்றுகளை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேசையில் வைத்திருந்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், 1990களின் இரண்டு துண்டுப் பிரசுரங்கள், அடையாள அட்டையின் பிரதி. அவ்வளவுதான்.

படிவத்தில் கலைச் சேவையை ஆண்டு வாரியாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைச் செய்தியோ, அழைப்பிதழோ, சான்றிதழோ இணைக்க வேண்டும். மாஸ்டர் 1960களின் நடுப்பகுதியிலிருந்து மேடையேறியவர். ஆனால், 1983 ஜூலையில் அவர் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். "பேப்பர் கட்டிங் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருந்தது பிள்ளை. வீட்டோட போயிற்று" என்றார். அதற்கு முந்திய பதினேழு, பதினெட்டு வருட வேலைக்கு இன்று சாட்சியாக இருப்பது அவருடைய ஞாபகமும், கூட நடித்தவர்களில் உயிரோடு இருக்கும் சிலருடைய ஞாபகமும்தான். அவர்களிலும் பலர் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரங்களில் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம், முழுவதும் சிங்களத்தில். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பார்த்ததில், 'போதிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை' என்பது அதன் சாரம். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமில்லை. கடிதத்தில் கையொப்பமிட்டவர் விதிமுறைப்படி செய்தார். விதிமுறையை எழுதியவர்தான் ஆவணம் எரிந்து போகக்கூடிய ஒரு கலைஞரை நினைத்துப் பார்க்கவில்லை.

நான் நடிகை அல்ல. சிறியதொரு நாடகக் குழுவின் செயலாளராக இருபது வருடங்களாக இருக்கிறேன். மண்டபம் பதிவு செய்வது, அனுமதி எடுப்பது, அனுசரணையாளரிடம் போய் நிற்பது, நிகழ்ச்சி முடிந்த பின் கதிரைகளை எண்ணிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. சம்பளம் கிடையாது. வெளிநாடுகளில் இதைக் 'கலை நிர்வாகம்' என்று சொல்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள். இங்கே இதற்குப் பெயர் 'ஓடித் திரிகிறது'. இந்த ஓட்டத்தில் அரசின் கலாசாரக் கட்டமைப்பு கொழும்புத் தமிழ்க் கலைஞரை எங்கே வைத்திருக்கிறது என்பதை ஓரளவு விளங்கிக்கொண்டேன். எங்கள் பிரச்சினை பணம் இல்லாதது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணமும் இல்லைதான். ஆனால், அதற்கு முதல் இருக்கிற பிரச்சினை, எங்களுடைய கோப்பைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள ஒரு மேசை இல்லாததுதான்.

மாகாணமா, மதமா?

2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவர் சுமார் 41 வீதம். இலங்கைத் தமிழர் சுமார் 29 வீதம். சோனகர் சுமார் 24 வீதம். மலையகத் தமிழர் 2 வீதத்துக்குச் சற்று மேல். சோனகர்களில் மிகப் பெரும்பாலானோரின் வீட்டுமொழி தமிழ் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டின் தலைநகரில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழ் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் போலவே கொழும்பும் ஒரு தமிழ் நகரம்தான். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்களும் சொல்வதில்லை.

அரசின் பார்வையில் தமிழ்க் கலைக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று மாகாணம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் மாகாண மட்டத்தில் பண்பாட்டு நிர்வாகம் தமிழில் நடக்கிறது. குறைகள் ஆயிரம் இருந்தாலும், அங்குள்ள கூத்துக் கலைஞர் ஒருவர் கலாசார உத்தியோகத்தரிடம் போய்த் தன் மொழியில் பேசலாம், பிரதேச விழாவில் பங்குபற்றலாம், பிரதேச மலரில் தன் பெயரைப் பார்க்கலாம். மேல் மாகாணத்திலும் கலாசாரத் திணைக்களம் இருக்கிறது. ஆனால், அது பிரதானமாகச் சிங்களத்தில் இயங்குகிறது. மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்த பின் தேர்தலே நடக்கவில்லை என்பதால், இது பற்றிக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட எங்களுக்கு இல்லை.

மற்ற முகவரி மதம். இந்து சமய, கலாசார அலுவல்களுக்கு ஒரு திணைக்களம், முஸ்லிம் சமய, கலாசார அலுவல்களுக்கு ஒரு திணைக்களம், கிறிஸ்தவ அலுவல்களுக்கு ஒரு திணைக்களம் என்று இருக்கின்றன. இந்தத் திணைக்களங்கள் செய்துவரும் நல்ல வேலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஊகத்தைக் கவனியுங்கள்: சிங்களக் கலைஞர் 'கலைஞர்', தமிழ்க் கலைஞர் 'இந்து' அல்லது 'முஸ்லிம்' அல்லது 'கிறிஸ்தவர்'. அப்படியானால் எங்கள் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள் நான்கு பேர், மாளிகாவத்தையிலிருந்து வரும் முஸ்லிம் தம்பி ஒருவர், வெள்ளவத்தைச் சைவர்கள் சிலர், கடவுள் இல்லை என்று சொல்லும் ஒளியமைப்பாளர் ஒருவர். நாங்கள் நடிப்பது வீட்டு வாடகை பற்றிய ஒரு நாடகம். இது எந்தத் திணைக்களத்துக்குரிய கலை?

பரதநாட்டியத்துக்கும் பண்ணிசைக்கும் இந்த ஏற்பாட்டில் ஓரிடம் கிடைக்கும். கோயிலோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வேல் பவனி வரும்போது முன்னால் வாசித்துச் செல்லும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கும் ஓரளவு இடமுண்டு, திருவிழாக் காலம் முடியும்வரை. நவீன நாடகம், குறும்படம், ஓவியம், மலையகப் பின்னணியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்த குடும்பங்களின் பறை, காமன்கூத்து இவையெல்லாம் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் தரையில் விழுகின்றன.

மண்டபம் கட்டியவர்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் கலைக்கு இன்று இருக்கும் இடங்களை யார் கட்டினார்கள் என்று பார்த்தால் இந்தக் கதை இன்னும் தெளிவாகும். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். அவருடைய நினைவாக 1902இல் விவேகானந்த சபை உருவானது. விவேகானந்த மேட்டில் உள்ள அந்தச் சபையின் மண்டபத்தில் மேடையேறாத கொட்டாஞ்சேனைக் கலைஞர் இருக்க முடியாது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கப்பட்டது. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் உள்ள அதன் நூலகமும் சங்கரப்பிள்ளை மண்டபமும் இல்லாவிட்டால் இந்த நகரத்தில் தமிழ் நூல் வெளியீடு என்று ஒன்று நடந்திருக்குமா என்பது சந்தேகம். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம். எல்லாமே வணிகர்கள், அரச ஊழியர்கள், ஆசிரியர்கள் சேர்ந்து சல்லிக்காசு சேர்த்துக் கட்டியவை.

மறுபக்கம் மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இருக்கிறது. சிங்கள நூர்த்தி நாடகங்களின் வீடு அது. 1978இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி அதற்கென ஓர் அரங்க மன்றத்தை அமைத்தது. அரங்கு புனரமைக்கப்பட்டது, அந்த மரபு பேணப்பட்டது, மூத்த கலைஞர்களின் நலனும் கவனிக்கப்பட்டது. இதைப் பொறாமையோடு சொல்லவில்லை. ஒரு நாடு தன் பழைய அரங்குக்குச் செய்ய வேண்டியது இதுதான். அதே காலத்தில், டவர் மண்டபத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தது. தென்னிந்தியக் குழுக்கள் வந்து ஆடின. உள்ளூர் நடிகர்கள் அவற்றைப் பார்த்துக் கற்றுத் தாங்களும் ஆடினார்கள். அந்த மரபுக்கு ஒரு சட்டமும் இல்லை, ஒரு மன்றமும் இல்லை. இப்போது அது மாஸ்டரைப் போன்ற சிலருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது.

சமூகம் கட்டிய மண்டபங்கள் பெரும்பாலும் கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஏற்றவை. நாடகத்துக்குத் தேவையான ஒளியமைப்புக் கம்பிகளோ, மேடையின் இரு பக்கமும் ஒதுங்கி நிற்க இடமோ, உடை மாற்றும் அறையோ பலவற்றில் கிடையாது. தனியார் நம்பிக்கை நிதியம் நடத்தும் லயனல் வென்ட் அரங்கு 1953 முதல் இருக்கிறது. அங்கே போனால் ஒளியும் ஒலியும் அருமை, ஆனால் எங்களுக்கு வாடகை கட்டாது. சீன உதவியுடன் கட்டப்பட்டு 2011 டிசம்பரில் திறக்கப்பட்ட தாமரைத் தடாகம் அரங்கில் ஏறத்தாழ 1,300 இருக்கைகள். அதை நிரப்புவதற்குத் தமிழகத்திலிருந்து ஒரு பாடகரைக் கூட்டிவர வேண்டும். அப்படி வரும்போது உள்ளூர்க் கலைஞர்கள் 'முன் நிகழ்ச்சி' செய்வார்கள். சம்பளம் கேட்டால் "இவ்வளவு பெரிய மேடை தாறோம்தானே" என்பார்கள்.

இவற்றோடு 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எல்லா விலையும் ஏறியது போல மண்டபம், மின்சாரம், அச்சு, வான் வாடகை எல்லாம் ஏறின. நுழைவுச்சீட்டின் விலையை அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. முந்நூறு பேர் வந்தாலும் நாங்கள் கைக்காசு போட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம்.

ஒரு காலத்தில் மேசை இருந்தது

இது எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தால் தவறு. இலங்கைக் கலைக்கழகம் 1952ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதற்குள் தமிழ் நாடகத்துக்கென ஒரு குழு இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதற்குத் தலைமை தாங்கிய காலத்தில் கூத்து விழாக்கள் நடந்தன, நாடக எழுத்துப் போட்டிகள் நடந்தன, அண்ணாவிமார் கௌரவிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பு, மன்னார்க் கூத்துப் பிரதிகளை அவர் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும் நூலாக வந்தன. பேராதனை மாணவர்களைக் கொண்டு அவர் தயாரித்த 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவை கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் மேடையேறி, சிங்கள அரங்கின் புதிய தொடக்கமாகக் கொண்டாடப்பட்டது. அது தன் வடிவத்தை எடுத்த நாடகம என்ற மரபு, தமிழ்க் கூத்தோடும் கடற்கரைக் கத்தோலிக்கரோடும் உறவுடையது. அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. மேடையில் தமிழ் வடிவம் கொண்டாடப்பட்ட வருடத்தில் அலுவலகத்திலிருந்து தமிழ் வெளியேற்றப்பட்டது. அப்படியொரு காலத்திலும் ஒரு குழு, ஒரு தலைவர், சிறு நிதி, தமிழில் நடக்கும் ஒரு கூட்டம் என்பன இருந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பத்து வருடங்கள் சாட்சி.

1970களில் கொழும்புத் தமிழ் அரங்கு உயிர்த்துடிப்போடு இருந்தது. தாசீசியஸ், சுந்தரலிங்கம் போன்றவர்கள் இயங்கினார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை நடிகர்களுக்கு ஒரு தொழிலையும் ஒரு பெயரையும் கொடுத்தது. க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக்கழகம் 1978இல் தொடங்கியது. அது இன்று லண்டனில் இயங்குகிறது. ஏன் லண்டனில் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல திரைப்படங்களின் மூலச் சுருள்கள் அழிந்தன. சிங்களப் படங்களை இயக்கிப் புகழ்பெற்ற கே. வெங்கட் கொல்லப்பட்டார். அவர் இயக்கியது சிங்களப் படங்கள் என்பது அன்று அவரைக் காப்பாற்றவில்லை.

அதற்குப் பிறகான வருடங்களில் கொழும்பில் ஒத்திகை என்றால் சோதனைச் சாவடி மூடுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முதல் விதி. 2003 ஒக்டோபரில் புதிய நகர மண்டபத்தில் நடந்த சிங்கள - தமிழ்க் கலை விழாவுக்குள் இனவாதக் கும்பலொன்று புகுந்து தாக்கியது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. வடக்கிலிருந்து ஒரு குழுவை அழைத்து அந்த விடுதிகளில் தங்க வைத்து நாடகம் போடுவது என்ற யோசனையே அதன்பின் பல வருடங்களுக்கு யாருக்கும் வரவில்லை.

யார் வாசிப்பார்கள்?

இலங்கையில் ஒரு நாடகத்தைப் பொதுமக்களுக்கு மேடையேற்ற வேண்டுமென்றால் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும். இதன் வேர், பிரித்தானியர் 1912இல் கொண்டுவந்த 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. வழக்கில் நாங்கள் 'சென்சர்' என்போம். இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தில் சிங்களக் கலைஞர்களும் நாங்களும் ஒரே பக்கம். ஆனால், தமிழ்ப் பிரதிக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: அதை வாசிக்கப் போவது யார்? தமிழ் அரங்கு தெரிந்த ஒருவர் வாசிப்பதற்கும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வாசிப்பதற்கும், மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒருவர் தீர்மானிப்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். தமிழில் வாசித்தவர்கள் அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று எடுத்துக் காட்டினார்கள். 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதை தமிழில் என்ன சொல்கிறது என்பதை அரசு விளங்கிக்கொள்ள மூன்றரை வருடம் எடுத்தது. அவர் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் குழுவில் ஓர் இளைஞர் தான் எழுதிய பிரதியிலிருந்து ஒரு காட்சியைத் தானே வெட்டினார். எந்தச் சபையும் அவரிடம் கேட்கவில்லை. அந்தக் காட்சி நல்ல காட்சி.

சட்டத்தில் தமிழுக்கு இடம் இல்லாமல் இல்லை. 13ஆம், 16ஆம் திருத்தங்களின் பின் தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் ஒருவர் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. சிறுபான்மை மொழியினரின் விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு ஒரு பிரதேச செயலகப் பிரிவை இருமொழிப் பிரிவாக்கவும் அது இடமளிக்கிறது. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவிலும், வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவிலும் இருக்கின்றன. இங்கே தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பதில் சந்தேகமே இல்லை. மாஸ்டருக்கு வந்த சிங்களக் கடிதத்தின் இடத்தில் தமிழ்க் கடிதம் வந்திருக்க வேண்டியது யாருடைய கருணையாலும் அல்ல.

ஓடித் திரிகிறவர்களுக்கு

கலைக் கொள்கை என்று பேசும்போது எல்லோரும் கலைஞரைப் பற்றியே பேசுகிறோம். நிர்வாகம் செய்பவரை மறந்து விடுகிறோம். தூதரகங்களும் வெளிநாட்டுக் கலாசார நிலையங்களும் நிதி தருகின்றன. அதற்கு ஆங்கிலத்தில் திட்ட முன்மொழிவு வேண்டும், வரவு செலவு அட்டவணை வேண்டும், கணக்காய்வு அறிக்கை வேண்டும். கொழும்பு 7இல் உள்ள ஒரு குழுவுக்கு இது ஒரு பின்னேர வேலை. விவேகானந்த மேட்டில் துறைமுகத் தொழிலாளியின் மகன் நடத்தும் ஒரு குழுவுக்கு இது சுவர். தமிழில் கலை நிர்வாகம் கற்பிக்கும் ஒரு சான்றிதழ் நெறியைக்கூட நான் இங்கு கண்டதில்லை.

கலையைக் கற்பதிலும் இதே கதைதான். கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரதானமாகச் சிங்கள மொழியில். தமிழில் படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம், மட்டக்களப்பில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அல்லது இந்தியா. வெள்ளவத்தைப் பிள்ளைகள் இன்றும் 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத்தான் தோற்றுகிறார்கள். நல்ல பரீட்சைதான். ஆனால், தலைநகரில் பிறந்த பிள்ளைக்குத் தலைநகரில் ஒரு கதவு இல்லை.

நிதி கிடைத்தாலும் ஒரு நிபந்தனை வரும். 2009க்குப் பிறகு அதன் பெயர் நல்லிணக்கம். ஒரு சிங்களப் பாத்திரம், ஒரு தமிழ்ப் பாத்திரம், ஒரு முஸ்லிம் பாத்திரம், கடைசியில் மூவரும் கைகோர்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாடகங்கள் இரண்டை நானே ஒழுங்கு செய்திருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மண்டப வாடகை கிடைத்தது. பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரலிய போன்ற குழுக்கள், சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒன்றாக வாழ்ந்து, இரு மொழியிலும் நடித்து, ஊர் ஊராகக் கூடாரம் கொண்டுபோனதை நான் இதோடு சேர்க்கவில்லை. அது உண்மையான வேலை. நான் சொல்வது, தமிழ்க் கலைஞர் பொறாமை பற்றி, கடன் பற்றி, மாமியார் பற்றி நாடகம் எழுதினால் அதற்கு நிதிப் பெட்டி இல்லை என்பதை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரித்தானியாவில் நசீம் கான் என்பவர் 1976இல் 'பிரித்தானியா புறக்கணிக்கும் கலைகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை எழுதினார். ஆசிய, கரீபிய, ஆபிரிக்கப் பின்னணி கொண்ட கலைஞர்கள் எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள், எங்கே ஆடுகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று நகரம் நகரமாகப் போய் விசாரித்தார். இவை குடியேறிகளின் பொழுதுபோக்கு அல்ல, பிரித்தானியக் கலையின் ஒரு பகுதி என்பது அவருடைய வாதம். அதன் தொடர்ச்சியாகச் சிறுபான்மைக் கலைகளுக்கான ஓர் ஆலோசனைச் சேவை உருவானது. அமெரிக்காவில் தேசியக் கலை நிதியம் 1971இல் இப்படிப்பட்ட சமூகங்களின் கலைக் குழுக்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. 1990களில் நிதி வெட்டு வந்தபோது அந்தப் பிரிவும் போனது. எனக்குப் பெரிதாகப் படுவது நசீம் கான் முதலில் செய்த வேலைதான்: போய்ப் பார்த்து எண்ணியது. கொழும்பில் எத்தனை தமிழ் நாடகக் குழுக்கள், எத்தனை நடன ஆசிரியர்கள், எத்தனை தவில்காரர்கள், அவர்கள் எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள் என்று எங்களுக்காக இதுவரை யாரும் எண்ணவில்லை.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. அதைச் சொல்லாமல் அரசை மட்டும் குறை கூறினால் வாசிப்பவர் சிரிப்பார். எங்கள் விழாக்களில் மங்கள விளக்கேற்றுவதற்கு அரை மணி, பொன்னாடைக்கு ஒரு மணி, வாழ்த்துரைக்கு ஒன்றரை மணி போன பின்தான் கலைஞர் மேடைக்கு வருகிறார். போர்த்திய பொன்னாடைகளின் காசில் ஒரு ஒளியமைப்புத் தொகுதி வாங்கியிருக்கலாம். சபைகளின் நிர்வாகத்தில் முப்பது வயதுக்காரரையோ ஒரு பெண்ணையோ தேடிப் பிடிக்க வேண்டும். நான் செயலாளராக வந்தபோது ஒரு பெரியவர், "பொம்பிளைப் பிள்ளை இரவில மண்டபச் சாவி கொண்டு திரியிறதோ?" என்று கேட்டார். வெள்ளவத்தை அரங்கேற்றத்துக்கு வரும் சனம் கொட்டாஞ்சேனை நாடகத்துக்கு வராது. 155ஆம் இலக்க பஸ்ஸின் தூரம் மட்டும் அதற்குக் காரணமில்லை, வர்க்கமும் சாதியும் காரணம். அரசிடம் மேசை கேட்கும்போது, அந்த மேசையில் எங்களில் யார் போய் உட்காருவார்கள் என்பதையும் நாங்கள் பேசித்தான் ஆக வேண்டும்.

என்ன கேட்கலாம் என்று எங்களைப் போன்ற சில குழுக்கள் இந்த வருடம் இரண்டு தரம் கூடிப் பேசினோம். பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. கொழும்பு, திம்பிரிகஸ்யாயப் பிரிவுகளில் தமிழில் வேலை செய்யும் கலாசார உத்தியோகத்தர். மதத்தைக் கேட்காமல் தமிழ்க் கலையை ஏற்கும் ஒரு குழு, பழைய கலைக்கழகத்தில் இருந்தது போல. மாநகர சபைக்குச் சொந்தமான கட்டடங்களில் ஒன்றில், கொழும்பு வடக்கில், ஒத்திகைக்கு ஓர் அறை. ஒரு முதியவர் இதைத்தான் பலமாகச் சொன்னார்: "எனக்கு விருது வேண்டாம், ஒரு மின்விசிறியும் ஒரு ரொய்லெட்டும் உள்ள அறை போதும்." பிறகு, ஆவணம் அழிந்தவர்களுக்கு உடன் நடித்தவர்களின் சத்தியக் கடதாசியைச் சான்றாக ஏற்கும் ஒரு விதி. கடைசியில் சொன்னதற்குக் காசே தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறேன். கடந்த ஐந்து வருடங்களில் மேல் மாகாணத்தில் தமிழ்மொழி ஆற்றுகைகளுக்கு வழங்கப்பட்ட அரச நிதி எவ்வளவு, எத்தனை குழுக்களுக்கு, எந்த அடிப்படையில் என்பதே கேள்வி. பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் எழுதினேன், தமிழில் பதில் வேண்டும் என்றும் எழுதினேன்.

மாஸ்டரின் விண்ணப்பத்துக்காக டொரொண்டோவில் இருக்கும் இரண்டு பேரிடமிருந்தும் லண்டனில் இருக்கும் ஒருவரிடமிருந்தும் கடிதம் கேட்டிருக்கிறேன். ஒருவர் 1971ஆம் ஆண்டு அழைப்பிதழ் ஒன்றைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். மாஸ்டரின் பெயர் நான்காவது வரியில் இருக்கிறது, எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழையைத் திருத்த இன்னொரு சத்தியக் கடதாசி வேண்டுமாம்.